பதிமூன்றாவது அம்பு

பாப்பாடோய்டோய், ஆக்லாந்து
27 மார்ச் 1996

அன்புத் தம்பி நவினுக்கு,

பெட்டியை நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடாதே. மூன்று கட்டாகக் கட்டி, மேலே காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

பெரிய கட்டில் இருக்கும் பன்னிரண்டும் சிவப்பு மானுக்கு. உன் வில்லின் இழுவைக்கு ஏற்ற கனமான அலுமினியத் தண்டு. முனையில் இரண்டு அலகுகள்தான் வைத்தேன். மூன்று வைத்தால் காயம் அகலமாக விழும், ஆனால் பெரிய உடம்பில் ஆழமாக இறங்காது. நீ மூன்றுதான் கேட்டாய், தெரியும். நான் செய்தது சரி. இறகை நீளமாக, கொஞ்சம் திருகி ஒட்டியிருக்கிறேன். கனத்த முனை வழியில் ஆடாமல் போக அது வேண்டும். அடுத்த கட்டில் ஆறு, காட்டு ஆட்டுக்கு. வெட்ட வெளியில் தூரத்திலிருந்து அடிப்பாய் என்பதால் தண்டு இலேசு, இறகு குட்டை. கடைசி நான்கும் முயலுக்கு. அலகே கிடையாது, மொட்டை ரப்பர் முனை. குழப்பிக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன்.

மான் அம்புகளின் அலகை விரல் வைத்துப் பார்க்காதே. முன்கை முடியைச் சிரைக்கும் அளவுக்குத் தீட்டியிருக்கிறேன். கையில் இருக்கும் தழும்பு சாட்சி.

உன் அடையாளம் வழக்கம்போலத்தான்: ஓர் ஆரஞ்சு இறகு, இரண்டு வெள்ளை, தண்டில் இரண்டு பச்சை வளையம். வேறு யாருக்கும் இந்த நிறக் கோவையை நான் போடுவதில்லை.

பினாங்கு மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு வருஷம் நுண்ணோக்கியில் குனிந்து மயிரிழைக் கம்பி ஒட்டிய கை இது. இங்கே விரி பேட்டையில் ஒரு கிடங்கில் பெட்டி மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தது. நீதான் வில் கடைக்காரரிடம் கூட்டிப்போய், "எங்க அக்காவுக்கு ஒரு அம்பு குடுத்துப் பாருங்க" என்று சொன்னாய். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஏப்ரல் பதிமூன்று சனிக்கிழமை வருஷப்பிறப்பு. அஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக வா. மருந்துக்கடையில் அவளுக்கு அன்று லீவு என்று அவளே சொன்னாள். அத்தான் போனபிறகு இந்த வீட்டில் ஒரு நல்ல நாளும் சேர்ந்து கொண்டாடவில்லை.

அக்கா,
நிர்மலாதேவி


டோக்கரோவா
16 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

வருஷப்பிறப்புக்கு வர முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேலை அதிகம்.

ஒரு சின்ன உதவி. மான் அம்பில் ஒன்று தொலைந்துவிட்டது. ஒரு பள்ளத்தில் விழுந்தது, இறங்கி எடுக்க முடியவில்லை. அதேபோல இன்னொன்று வேண்டும். எடை, நீளம், இறகு, வளையம் எல்லாம் அச்சாக அதேபோல இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் எது புதிது என்று எனக்கே தெரியக்கூடாது.

முடிந்த அளவு சீக்கிரம் அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம், பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புங்கள். அஞ்சனா இந்த வேட்டைச் செலவையெல்லாம் பார்த்தால் கோபப்படுவாள்.

போன் செய்ய வேண்டாம்.

தம்பி,
நவின்


பாப்பாடோய்டோய்
22 ஏப்ரல் 1996

நவின்,

அம்பு இதோடு இருக்கிறது. பழைய பெயிண்ட் டப்பாவின் அடியைச் சுரண்டித்தான் அந்தப் பச்சையைக் கொண்டுவந்தேன்.

பாயசம் வைத்து, இலை போட்டு, மூன்று மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேலை என்கிறாய். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என்ன பள்ளிக்கூட வேலை? காட்டுக்குப் போனேன் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

போன தடவை ஒரு வாத்தைத் தவறவிட்ட கதையை நாலு பக்கம் எழுதினாய். இந்தத் தடவை மான் வந்ததா இல்லையா என்றுகூட எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்கா


பாப்பாடோய்டோய்
9 மே 1996, வியாழன்

நவின்,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

இன்று காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். துப்பறியும் பிரிவு என்றார், சாதாரணச் சட்டையில் இருந்தார். வில் கடையில் கேட்டு என் முகவரியை வாங்கியிருக்கிறார். கராஜில் என் மேசைமேல் ஒரு நீளமான பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே ஓர் அம்பு. ஆரஞ்சு இறகு ஒன்று, வெள்ளை இரண்டு. அந்த வெள்ளை இரண்டும் வெள்ளையாக இல்லை.

இது உங்கள் கைவேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

உன் ஊர்ப்பக்கத்துப் பைன் காட்டில், ஏப்ரல் பதிமூன்றாம் தேதி, அறுபத்தொரு வயதுப் பெண் ஒருவருக்குத் தொடையில் இது பாய்ந்திருக்கிறது. ஐரீன் என்று பெயர். குளிருக்கு அடுப்பெரிக்கப் பைன் காய் பொறுக்கப் போனவர். காலை பதினொரு மணிக்கு விழுந்தவரை மாலை ஐந்தரைக்குத் தேடிப்போன தங்கை மகன்தான் கண்டெடுத்திருக்கிறான். ஆறரை மணி நேரம், நவின். உயிர் இருக்கிறது என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு அந்தக் காட்டில் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் எல்லோரையும் விசாரித்திருக்கிறார்கள். "அதில ஒரு கணக்கு வாத்தியார் இதே மாதிரி அம்பு வச்சிருக்கார். உங்ககிட்ட வாங்கினது பன்னிரண்டுன்னு சொன்னார். எண்ணிப் பார்த்தோம், பன்னிரண்டும் இருக்கு. அப்படின்னா இந்தப் பதிமூணாவது யாருக்குச் செஞ்சது?" என்று கேட்டார்.

பலருக்குச் செய்கிறேன், நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். நீ என் தம்பி என்று அவருக்குத் தெரியாது, கடைக்காரரும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் இருப்பது அத்தான் பெயர்தானே. இருபத்துமூன்றாம் தேதி வியாழன் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் போலீஸ்காரரிடம் பொய் சொல்லிவிட்டேன். ஐம்பது வயதில், என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு.

அது உன்னிடமிருந்து யாராவது திருடியதாக இருக்கலாம். பள்ளத்தில் விழுந்ததை வேறு யாராவது எடுத்து எய்திருக்கலாம். அப்படி ஏதாவது சொல். எனக்குப் போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதையெல்லாம் நம்பிவிடுவேன். எழுது.

அக்கா


டோக்கரோவா
12 மே 1996

அன்புள்ள அக்கா,

உங்களை இதில் இழுத்துவிட்டதற்கு வருத்தப்படுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ஏப்ரல் ஆண்மான் உறுமும் காலம். பிளாஸ்டிக் குழாயில் நானும் உறுமிக் காட்டி மானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதடி தூரத்தில் பெரணிக்குள் சுள்ளி முறிந்தது. பழுப்பாக ஏதோ அசைந்தது. எய்தேன். தவறிவிட்டது என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அதற்குப் பிறகு போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

இங்கே நிரந்தரமாகத் தங்க எனக்கும் அஞ்சனாவுக்கும் போட்ட ரெசிடன்ஸ் விண்ணப்பம் இன்னும் அதிகாரி மேசையில் கிடக்கிறது. போலீஸ் வழக்கு ஒன்று வந்தால் அதோடு முடிந்தது. வாத்தியார் வேலையும் போய்விடும். அஞ்சனாவுக்கு எதுவும் தெரியாது.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. எனக்குச் செய்தது பன்னிரண்டு. அது உண்மைதானே? முதலில் செய்தது பன்னிரண்டுதான். அந்த நிறத்தில் வேறு யாருக்கோ முன்பு செய்தேன், பெயர் ஞாபகமில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நோட்டில் ஏப்ரல் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

சின்ன வயதிலிருந்து எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறீர்கள். இது கடைசி.

தம்பி,
நவின்


பாப்பாடோய்டோய்
18 மே 1996, சனி

நவின்,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை. என்னை அதிரவைத்தது எது தெரியுமா? எய்தது இல்லை. எய்தது தவறிப்போய் நடந்தது. அதற்குப் பிறகு உட்கார்ந்து, யோசித்து, 'பக்கத்தில் வைத்தால் எது புதிது என்று எனக்கே தெரியக்கூடாது' என்று எனக்கு எழுதினாயே, அது. அந்தப் பெண் ஆப்பரேஷன் மேசையில் கிடந்தபோது நான் டப்பாவைச் சுரண்டி உனக்குப் பச்சை வளையம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை கிடங்கில் லீவு சொல்லிவிட்டு, பெயரைச் சொல்லிப் போனில் விசாரித்து, பஸ் ஏறி, அவர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காயம் சின்னதாக இருக்கும், பார்த்துவிட்டு வந்தால் நீ சொன்னபடி சொல்ல மனசு வரும் என்று நினைத்தேனோ என்னவோ. கையில் நாலு மாண்டரின் ஆரஞ்சு. வார்டு நர்ஸ் நான் சர்ச்சிலிருந்து வந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு உள்ளே விட்டார்.

ஐரீன் ஒரு மாவோரிப் பெண். நரைத்த முடியைப் பின்னி முன்னால் போட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, உட்காரச் சொன்னார். நான் கட்டிலைப் பார்த்தேன். போர்வைக்குள் வலது கால் தெரிந்தது. இடது பக்கம் தொடைக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது, நவின். அங்கே ஒன்றுமே இல்லை.

என்னை அறியாமல் "ஐயோ" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. தலையணையிலிருந்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லு என்றார். எனக்குப் புரியவில்லை. "இப்ப சொன்னியே ஒரு வார்த்தை, அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன்.

"அவன் அதைத்தான் சொன்னான்" என்றார்.

குப்புற விழுந்து கிடந்தாராம். எழ முடியவில்லை. காலடிச் சத்தம் வந்தது. தலைமாட்டில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. அதற்குமேல் பார்க்க முடியவில்லை. உதவி பண்ணுப்பா என்று கேட்டிருக்கிறார். மேலேயிருந்து அந்த ஒரு வார்த்தை. பிறகு பூட்ஸ் இரண்டும் போய்விட்டன. போலீஸிடம் சொன்னாராம், அவர்கள் அதை வலியில் கேட்ட சத்தம் என்று எழுதிக்கொண்டார்களாம்.

தவறிவிட்டது என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டேன் என்று எனக்கு எழுதினாயே. நான் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவன் வாயிலிருந்து வந்த பொய் அது.

அந்த அம்பைச் செய்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். எலும்பை உடைக்கும் அளவுக்குக் கனமாக, கூராக, நான்தான் செய்தேன் என்றேன். அவர் வெகுநேரம் என் கையையே பார்த்தார். "அவன் உனக்கு யாரு?" என்று கேட்டார்.

என் தம்பி என்றேன்.

உன் பெயரை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வியாழன் காலை போலீஸ்காரர் வரும்போது சொல்வேன். நோட்டில் எந்தப் பக்கமும் கிழியவில்லை. இது திங்களன்று உன் கைக்கு வரும், அதற்குப் பிறகு நீயாகப் போய்ச் சொல்ல உனக்கு மூன்று நாள் இருக்கிறது. முதலில் அஞ்சனாவிடம் சொல்.

அக்கா


டோக்கரோவா
22 மே 1996

அக்கா,

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஐந்து மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அஞ்சனா காரை ஓட்டி வந்தாள், வாசலில் இறக்கிவிட்டாள், உள்ளே வரவில்லை. இப்போது அவள் வெலிங்டனில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்கிறது.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அந்நியப் பெண் ஒருவரிடம் என்னைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டீர்கள். அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன்.

அவர் சொன்னது உண்மை. பக்கத்தில் போனேன். பழுப்புக் கம்பளிக் கோட்டு. சாக்கிலிருந்து பைன் காய்கள் சிதறிக் கிடந்தன. மான் என்று நினைத்த இடத்தில் ஒரு மனிதக் கை மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைக்குள் எல்லாம் நின்றுபோனது. ஓடிவிட்டேன். ஊருக்குள் வந்து ஒரு டெய்ரி மளிகைக் கடை வாசலில் இருக்கும் டெலிபோன் கூண்டில் நின்று, அவசர உதவிக்கு மூன்று தடவை ஒன்றை அழுத்தினேன். ஒரு பெண் குரல் வந்தது. ஆம்புலன்ஸா, தீயணைப்பா, போலீஸா என்று கேட்டது. ஆம்புலன்ஸ் என்கிற ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பசங்களுடைய பின்னக் கணக்கைத் திருத்தினேன். முப்பது தாள். ஒன்றில்கூடப் பிழையாக மார்க் போடவில்லை.

அந்தக் கையை நினைத்து நான் தூங்கியதில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தூங்கினேன் அக்கா. அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

நவின்


ஆக்லாந்து, சிறைச்சாலை
11 நவம்பர் 1996

அக்கா,

பார்வையாளர் நாளில் நீங்கள் வந்ததாகவும் நான் வெளியே வர மறுத்ததாகவும் காவலர் எழுதிவைத்திருப்பார். மறுத்தது உண்மை. உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான்.

தீர்ப்பு வந்த அன்று பத்து மாதம் என்றதும் நீங்கள் கண்ணை மூடியதைப் பார்த்தேன். எனக்கு அது அதிகம் என்று தோன்றவில்லை. ரெசிடன்ஸ் விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும் வந்துவிட்டது. வெளியே வந்ததும் திரும்ப நம் ஊர் ஈப்போவுக்குத்தான் அனுப்புவார்கள். அஞ்சனா ஒரே ஒரு கடிதம் எழுதினாள், வழக்கறிஞர் மூலம்.

போன கடிதத்தில், ஐரீன் ஒரு கேள்வி அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அங்கே எவ்வளவு நேரம் நின்றாய் என்று. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும் என்று.

கோர்ட்டில் அரை நிமிஷம் என்றேன். பயத்தில் உடனே ஓடினேன் என்றேன். உங்களுக்கும் ஓடிவிட்டேன் என்றுதான் எழுதினேன்.

நான் உடனே ஓடவில்லை. ஐந்தாறு அடி பின்னால் நகர்ந்து ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் உதவி என்று. பிறகு யாரோ ஒரு பெயரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பதினொன்று பத்து. அவர் குரல் நிற்கும்வரை நின்றேன். குரல் நின்றபோது பதினொன்று முப்பத்தைந்து. இறந்துவிட்டார் என்று நினைத்தேன். இறந்துவிட்டார் என்று நினைத்ததும் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் கிளம்பினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் எழுத வரவில்லை, முயன்று பார்த்தேன். நீங்கள் அவரிடம் படித்துச் சொல்லுங்கள். எதையும் மென்மையாக்க வேண்டாம்.

நவின்


பாப்பாடோய்டோய்
2 டிசம்பர் 1996

நவின்,

உன் கடிதத்தைப் படித்தபோது நான் கராஜில் நின்றிருந்தேன். உட்கார நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அது எனக்குத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து நிமிஷம். அரை நிமிஷம் என்று நீ கோர்ட்டில் சொன்னபோது, அவ்வளவுதானே, பாவம், பயந்துவிட்டான் என்று என் மனசு உனக்கு வக்காலத்து வாங்கியது. அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை பஸ்ஸில் ஐரீன் வீட்டுக்குப் போனேன். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். சமையலறையில் மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்து எனக்கு அவரே தேநீர் வைத்தார். நான் எழுந்ததும் உட்காரச் சொல்லி அதட்டினார்.

கடிதத்தைப் பிரித்து, வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. நிம்மதி என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். அதையும் சொன்னேன். அவர் கூப்பிட்ட பெயர், இறந்துபோன அவர் வீட்டுக்காரருடையதாம்.

முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசிப் பகுதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், அல்லது என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"மரத்துக்குப் பின்னால அவன் மூச்சு விடுறது எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். "நான் நினைச்சுக்கிட்டதோன்னு இத்தனை மாசமா சந்தேகம். அதான் கேட்டேன்."

ஏன் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள், மயக்கமா என்று கேட்டேன்.

இல்லை என்றார். "இவன் வரமாட்டான்னு புரிஞ்சுபோச்சு. வரப்போறவங்களைக் கூப்பிடக் குரல் மிச்சம் வேணுமே. அதனால வாயை மூடிக்கிட்டேன்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. உன்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சொல்வார் என்று நீயும் நானும் எதிர்பார்க்க வேண்டாம். கிளம்பும்போது ஒரு தாளில் தன் முகவரியை எழுதித் தந்தார். இனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவனே எனக்கு நேராக எழுதட்டும், நடுவில் நீ வேண்டாம் என்றார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வரவில்லை என்று சொல்லாதே. நீ அந்த மொழியில் இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

அடுத்த பார்வையாளர் நாள் பதினான்காம் தேதி. வருவேன். என் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார். ஆனால் வெளியே வா.

அக்கா,
நிர்மலாதேவி